பெண்களோட கேன்சர் கணக்குல கறுப்பு–வெள்ளை இடைவெளி: அமெரிக்க டேட்டாவை வச்சு புதுசா ரிசர்ச் ஆரம்பிக்கிறவங்களுக்கு

பப்ளிக் ஹெல்த், பயோஸ்டாட்னு படிக்க அமெரிக்கா வர்ற நம்மூர் பசங்க பொண்ணுங்க நிறைய பேர் தீசிஸ் நேரத்துல இந்த டாபிக்கைத்தான் எடுக்கறாங்க, காரணமும் புரியுது, டேட்டா ஃப்ரீயா கிடைக்குது, கைடும் உடனே சரின்னுடுவார், படிக்கப் படிக்க ஆளையும் உள்ள இழுத்துடுது. ஆனா எடுத்தவுடனே பப்மெட்ல (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடற தளம்) போய் பேப்பரா இறக்கி ஃபோல்டர்ல அடுக்கிட்டு அங்கேயே நின்னுடறாங்க. அதான் வரிசையா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன், எதை முதல்ல செய்யணும், எதைத் தள்ளிப்போடலாம், எங்க கால் வழுக்கும்னு. பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வெள்ளையினப் பெண்கள் ஒப்பீடுதான், கேன்சர்ல மார்பகம், கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய் இந்த மூணு. மத்ததுக்கும் இதே ரூட்டுதான்.

முதல்ல கேள்வியைச் சின்னதாக்குங்க

"கேன்சர்ல இன ஏற்றத்தாழ்வு"ன்றது தலைப்பு, கேள்வி இல்ல. எந்த கேன்சர், எந்தெந்தக் குழு, எந்த மாநிலம் இல்ல முழு நாடா, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம், எதை அளக்கப்போறோம், இந்த அஞ்சும் ஒரே வாக்கியத்துல உட்காரணும். உட்காரலைன்னா கம்ப்யூட்டரைத் தொடாதீங்க.

இந்த அஞ்சுல கடைசியா சொன்னதுதான் ஆளைக் கவுத்துவிடும். மார்பகக் கேன்சரையே எடுத்துக்கோங்க. புதுசா நோய் வர்ற விகிதம், அதாவது இன்சிடன்ஸ், பார்த்தா கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களை விட 4, 5 சதவீதம் கம்மி. இறப்பு விகிதம் பார்த்தா சுமார் 40 சதவீதம் அதிகம். ஒரே நோய், ஒரே நாடு, நீங்க எந்த அளவை எடுக்கறீங்களோ அதுக்கேத்த மாதிரி கதையே தலைகீழா போயிடும். வர்றது கம்மி, சாகறது அதிகம்னா நடுவுல என்னமோ நடக்குது, அந்த நடுவுலதான் உங்க தீசிஸ் இருக்கு.

இன்னொண்ணும் கவனிங்க, இந்த இடைவெளி ஆதி காலத்துலேர்ந்து இருந்தது இல்ல. 1980 வாக்குல ரெண்டு குழுவோட மார்பகக் கேன்சர் இறப்பு விகிதமும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்துச்சு. அப்புறம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, பரவுச்சு, டமாக்ஸிஃபென் மாதிரி மாத்திரை வந்துச்சு, வெள்ளையினப் பெண்களோட கோடு சரசரன்னு இறங்குச்சு, கறுப்பினப் பெண்களோட கோடு லேட்டா, மெதுவா இறங்குச்சு. அதாவது வைத்தியம் வளர்ந்த பிறகுதான் இடைவெளி திறந்திருக்கு. "அவங்க உடம்பே அப்படித்தான்"னு யாராவது ஒத்தை வரியில முடிச்சா இந்த கிராஃபைக் காட்டுங்க, பத்து இருபது வருஷத்துல யாரோட ஜீனும் மாறாது.

சர்வைவல் நம்பர்ல தனியா ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் கண்டுபிடிச்சா, வைத்தியத்தால ஒரு நாள் கூட ஆயுசு நீளலைன்னாலும், கண்டுபிடிச்ச தேதியிலேர்ந்து எண்றதால அஞ்சு வருஷ சர்வைவல், அதாவது அஞ்சு வருஷம் கழிச்சும் உயிரோட இருக்கிறவங்க சதவீதம், ஏறித் தெரியும். அதனால ரெண்டு குழுவுல ஒண்ணு ஸ்க்ரீனிங்கை (அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே செய்யற பரிசோதனை) அதிகமா பண்ணிக்கிட்டா சர்வைவலை மட்டும் வச்சுப் பேசாதீங்க, இறப்பு விகிதத்தையும் பக்கத்துலயே வைங்க. அதோட ரிலேட்டிவ் சர்வைவல்னு சாஃப்ட்வேர் குடுக்கற நம்பர், பொது ஜனத்தோட ஆயுள் அட்டவணையோட ஒப்பிட்டு வர்றது. அந்த அட்டவணை இனவாரியானதுன்னா, கறுப்பின மக்கள் மத்த காரணங்களாலயும் சீக்கிரம் சாகறது ஏற்கனவே கணக்குலேர்ந்து கழிஞ்சுபோயிருக்கும். அது சரியா தப்பான்றது உங்க கேள்வியைப் பொறுத்தது, ஆனா எந்த அட்டவணைன்னு தெரியாம நம்பர் மட்டும் எழுதக்கூடாது.

இனம்ன்ற கட்டத்தை யார் நிரப்பினாங்க?

டேட்டாவுல ரேஸ், அதாவது இனம்னு ஒரு நெடுவரிசை இருக்கும். அதைப் பார்த்தவுடனே அது ரத்த பரிசோதனை ரிசல்ட் மாதிரி உண்மைன்னு நம்பிடறோம். ஆனா அது ஆஸ்பத்திரி ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டர்ல ஃபாரத்துல டிக் அடிச்சதா இருக்கலாம், பழைய ரெக்கார்டுலேர்ந்து காப்பி ஆனதா இருக்கலாம், ஏன், ஆளைப் பார்த்து கிளார்க்கே ஊகிச்சதா கூட இருக்கலாம். இறப்பு சர்டிஃபிகேட்ல இன்னும் மோசம், அந்தம்மா உயிரோட இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியாம வேற யாரோ நிரப்பறது. விகிதத்துல மேல இருக்கிற கேஸ் இல்ல இறப்பு எண்ணிக்கை ஒரு இடத்துலேர்ந்தும் கீழ இருக்கிற மக்கள்தொகை சென்சஸ்லேர்ந்தும் வருது, சென்சஸ்ல மக்கள் தாங்களே சொல்றாங்க, ரெண்டும் ஒட்டாம போகிற இடம் நிறைய.

ரொம்ப அடிபடறது பூர்வகுடி அமெரிக்கப் பெண்கள்தான். ரெஜிஸ்ட்ரியில, அதாவது கேன்சர் பதிவேட்டுல, அவங்கள்ல பல பேர் வெள்ளையினம்னு பதிவாகியிருப்பாங்க, விகிதம் கம்மியா தெரியும், "அவங்களுக்கு கேன்சர் கம்மி"ன்னு ஒரு பொய் பேப்பர் ஏறும். இதைச் சரிபண்ண, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான அரசு மருத்துவச் சேவையான இந்தியன் ஹெல்த் சர்வீஸோட பதிவுகளோட கேன்சர் பதிவைக் கோர்த்துப் பார்க்கறாங்க, அந்தச் சேவை நடக்கற கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும் எடுத்துக் கணக்குப் போடறதும் வழக்கம். இந்தக் குழுவைத் தொடறீங்கன்னா அந்த வடிகட்டல் இல்லாம ரேட் ஓட்டாதீங்க.

கட்டங்களும் மாறிக்கிட்டேதான் இருக்கு. அரசாங்கத்தோட இன வகைப்பாடு 1977ல வந்தது, 1997ல திருத்தினாங்க, 2024 மார்ச்ல மறுபடி திருத்தி ஹிஸ்பானிக் கேள்வியையும் இனக் கேள்வியையும் ஒண்ணாக்கி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா மக்களுக்குத் தனிக் கட்டம் குடுத்தாங்க. நீண்ட கால ட்ரெண்ட் போடறவங்க இந்த வருஷங்களைச் சுவத்துல ஒட்டி வச்சுக்கணும்.

ஏசியன்ற கட்டம் எனக்குத் தனிப்பட்ட எரிச்சல். சைனீஸ், ஃபிலிப்பினோ, வியட்நாமீஸ், ஜப்பானீஸ், நாம எல்லாரும் ஒரே டப்பா. மொத்தமா போட்டா ஏசியன் பெண்களுக்கு மார்பகக் கேன்சர் இறப்பு கம்மின்னு அழகா வரும், உள்ள பிரிச்சா ஃபிலிப்பினோ பெண்கள் நிலைமை மத்த ஏசியன் குழுக்கள் மாதிரி இருக்காது. "ஏசியன், மத்த விவரம் இல்ல"ன்னு பதிவானவங்களை பிறந்த நாடு, பேர் இதையெல்லாம் வச்சு உட்பிரிவுல போடறதுக்கு ரெஜிஸ்ட்ரிகள்ல ஒரு வழிமுறை வச்சிருக்காங்க. பட்டேல், ரெட்டின்னா சிக்கிடும். அமெரிக்காவுலயே பிறந்த, அப்பா பேரை கடைசிப் பேரா வச்சிருக்கிற தூத்துக்குடிக் குடும்பத்துப் பொண்ணு ஜோசப்னோ ஃபெர்னாண்டோன்னோ இருந்தா பேரை வச்சு எதைக் கண்டுபிடிக்கறது? தெற்காசியப் பெண்கள் பத்தி ரிசர்ச் பண்ணப்போற நம்மாளுங்க இதை லிமிடேஷன் பகுதியில ஒரு வரியா எழுதிட்டுப் போகாம எத்தனை பேர் "விவரம் இல்ல"ல இருக்காங்கன்னு எண்ணிப் போடுங்க.

டேட்டா: எதைத் திறக்கறது, எந்த வரிசையில

மொதல் நாளே செய்யக்கூடியது சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பு) நடத்தற வொண்டர். வெப்சைட்தான், இறப்பு டேட்டா பொதுவா கிடைக்கும், வயசு, இனம், வருஷம், மாநிலம், நோய்க்குறி எல்லாம் தேர்ந்தெடுத்தா டேபிளா குடுத்துடும். 10க்குக் குறைவான இறப்பு இருக்கிற கட்டத்தை மறைச்சிடும், 20க்குக் குறைவா இருந்தா அந்த விகிதம் நம்பத்தகாததுன்னு போடும், அதை மதிங்க, சின்ன கவுண்டி எண்ணை வச்சு பெரிய கதை கட்டாதீங்க. கூடவே சீர் (SEER, அமெரிக்க அரசோட கேன்சர் பதிவேடு) எக்ஸ்ப்ளோரர் தளத்தைப் பார்த்துடுங்க, எந்த அனுமதியும் இல்லாம கிராஃப் வரும், உங்க கேள்விக்கு உயிர் இருக்கான்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

அடுத்து சீர் டேட்டாபேஸ். நேஷனல் கேன்சர் இன்ஸ்டிடியூட் (என்சிஐ) 1973லேர்ந்து நடத்தறது, இப்போ அமெரிக்க மக்கள்தொகையில பாதி கிட்ட அதுக்குள்ள வந்துடுது. ஒப்பந்தம் கையெழுத்து போட்டு அப்ளை பண்ணணும். சீர்ஸ்டாட்னு ஃப்ரீ சாஃப்ட்வேர், விண்டோஸ்ல ஓடறது, மேக் வச்சிருக்கிறவங்க யூனிவர்சிட்டி லேப் மெஷினைப் பிடிச்சுக்கோங்க. திறந்தா ரேட் செஷன், ஃப்ரீக்வென்சி செஷன், சர்வைவல் செஷன், கேஸ் லிஸ்டிங்னு தனித்தனியா இருக்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் நேரா கேஸ் லிஸ்டிங் எடுத்து ஆர் (R) சாஃப்ட்வேர்ல போட்டு ரேட் கணக்குப் போடப் பார்க்கறாங்க, அங்க மக்கள்தொகை எண்ணிக்கை கூடவே வராது. விகிதம் வேணும்னா ரேட் செஷன். ஸ்டாட்டிஸ்டிக் டேப்ல வயசைச் சரிக்கட்டின விகிதத்தை தேர்ந்தெடுங்க, 2000ஆம் வருஷ அமெரிக்க மக்கள்தொகைதான் வழக்கமான ஸ்டாண்டர்ட். வெள்ளையின மக்களோட சராசரி வயசு அதிகம், கேன்சர் வயசோட ஏறற நோய், சரிக்கட்டாம ஒப்பிட்டா வித்தியாசத்துல எவ்வளவு வயசால வந்துதுன்னே தெரியாது. செலக்‌ஷன் டேப்ல பெண்கள், மாலிக்னன்ட் (பரவக்கூடிய கேன்சர்) மட்டும், உங்க சைட், அதாவது கேன்சர் வந்த உறுப்பு. கர்ப்பப்பைக்குப் போறீங்கன்னா கார்ப்பஸ் (கர்ப்பப்பையோட உடல் பகுதி), "யூட்ரஸ், விவரம் இல்ல" ரெண்டையும் சேர்த்தே எடுங்க, ஒரே நோயை ஒரு ஆஸ்பத்திரி இப்படி எழுதும், இன்னொண்ணு அப்படி எழுதும்.

முழு நாடும் வேணும்னா சிடிசியும் என்சிஐயும் சேர்ந்து வெளியிடற யுனைடெட் ஸ்டேட்ஸ் கேன்சர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கு. நேஷனல் கேன்சர் டேட்டாபேஸ்னு இன்னொண்ணு, புது கேன்சர் கேஸ்கள்ல 70 சதவீதத்துக்கு மேல அதுல இருக்கு, வைத்திய விவரம் நல்லா இருக்கும், ஆனா அது அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிகள்லேர்ந்து மட்டும் வர்றது. அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத பெண் அதுல கிடையாது. ஏற்றத்தாழ்வு பத்திப் படிக்கிறவங்களுக்கு அந்தப் பெண்தானே முக்கியம். அதை வச்சு இன்சிடன்ஸ் கணக்குப் போட்டு யாராவது கொண்டுவந்தா நான் பக்கத்தையே திருப்ப மாட்டேன்.

பழக்கவழக்கம், முடிக்குப் போடற கெமிக்கல், குழந்தைப்பேறு மாதிரி விஷயம் ரெஜிஸ்ட்ரியில கிடையாது, அதுக்கு கோஹார்ட், அதாவது ஒரே ஆளுங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்க்கற ஆய்வு வேணும். 1995ல பாஸ்டன் யூனிவர்சிட்டி ஆரம்பிச்ச பிளாக் விமன்ஸ் ஹெல்த் ஸ்டடியில சுமார் 59,000 கறுப்பினப் பெண்கள். சிஸ்டர் ஸ்டடியில 50,000க்கு மேல, எல்லாருமே மார்பகக் கேன்சர் வந்த ஒரு சகோதரி இருக்கிறவங்க, முடியை நேராக்கற கெமிக்கலுக்கும் கர்ப்பப்பைக் கேன்சருக்கும் தொடர்பு இருக்குன்னு 2022ல வந்த பேப்பர் இதுலேர்ந்துதான். 1993ல ஆரம்பிச்ச கரோலினா பிரெஸ்ட் கேன்சர் ஸ்டடி கறுப்பினப் பெண்களையும் இளம் பெண்களையும் வேணும்னே அதிக எண்ணிக்கையில சேர்த்துது, ஏன்னா சாதாரணமா சேர்த்தா அவங்க எண்ணிக்கை எதையும் சொல்ல முடியாத அளவுக்குக் கம்மியாயிடும். இந்த டேட்டாவுக்கு ப்ரொபோசல் எழுதிக் கொடுக்கணும், மாசக்கணக்காகும், முதுகலை தீசிஸுக்கு இதை நம்பி உட்காராதீங்க.

கர்ப்பப்பையே இல்லாதவங்களை வகுத்தியில வைக்காதீங்க

இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துடும், அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம். கர்ப்பப்பைக் கேன்சர் விகிதம்னா என்ன, கேஸ் எண்ணிக்கையை பெண்கள் எண்ணிக்கையால வகுக்கறோம், அந்தப் பெண்கள் எண்ணிக்கைதான் வகுத்தி. ஆனா கர்ப்பப்பையை ஏற்கனவே ஆபரேஷன்ல எடுத்துட்ட பெண்ணுக்கு அந்த கேன்சர் வரவே வராது, அவங்களும் வகுத்தியில உட்கார்ந்திருக்காங்க. கறுப்பினப் பெண்களுக்கு ஃபைப்ராய்டு (கேன்சர் இல்லாத கர்ப்பப்பைக் கட்டி) அதிகம், சின்ன வயசுலயே வருது, கர்ப்பப்பையை எடுக்கறதும் அவங்ககிட்ட அதிகமா நடக்குது.

கற்பனை எண்ணை வச்சுப் போட்டுப் பாருங்க. அ குழுவுல 60லேர்ந்து 64 வயசுக்குள்ள 1,00,000 பெண்கள், 60 கேஸ். ஆ குழுவுல அதே வயசுல 1,00,000 பெண்கள், 64 கேஸ். அப்படியே பார்த்தா அ குழுவுக்குத்தான் ஆபத்து கம்மி. இப்போ அ குழுவுல 40,000 பேருக்கும் ஆ குழுவுல 20,000 பேருக்கும் கர்ப்பப்பை இல்லன்னு வைங்க. அ குழுவுல 60,000 பேருக்கு 60 கேஸ், அதாவது லட்சத்துக்கு 100. ஆ குழுவுல 80,000 பேருக்கு 64 கேஸ், லட்சத்துக்கு 80. தலைகீழா மாறிடுச்சு பாருங்க. ஒரு கேஸ் கூட கூடல, குறையல, யாரை எண்ணினோம்ன்றது மட்டும்தான் மாறிச்சு.

இது கற்பனையோட நிக்கல. அமெரிக்காவுல கர்ப்பப்பைக் கேன்சர் கறுப்பினப் பெண்களுக்குக் கம்மியா வருதுன்னு ரொம்ப காலம் எழுதிக்கிட்டிருந்தாங்க, இப்படித் திருத்திப் பார்த்ததும் அதிகம்னு ஆயிடுச்சு. கர்ப்பப்பை வாய் கேன்சர்ல 2017ல ஒரு ஆய்வு இதே திருத்தத்தை இறப்பு விகிதத்துல செஞ்சுது, கறுப்பினப் பெண்களுக்கு லட்சத்துக்கு 5.7ன்னு இருந்தது 10.1 ஆச்சு, வெள்ளையினப் பெண்களுக்கு 3.2லேர்ந்து 4.7. அத்தனை வருஷமா பாதி இடைவெளி கிட்ட வகுத்திக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருந்திருக்கு.

செய்யறது எப்படின்னா, கர்ப்பப்பை எடுத்தவங்க சதவீதம் சிடிசியோட பிஆர்எஃப்எஸ்எஸ் ஃபோன் சர்வேயில கேட்கறாங்க, பொதுவில இறக்கிக்கலாம். சர்வேயோட வெயிட்டைப் போட்டு, இனம், அஞ்சு வருஷ வயசுப் பிரிவு, முடிஞ்சா மாநிலம்னு சதவீதத்தை எடுத்து, சீர் மக்கள்தொகையிலேர்ந்து அதைக் கழிச்சுட்டு, அப்புறமா வயசுச் சரிக்கட்டல். இந்த வரிசை மாறக்கூடாது, சரிக்கட்டி முடிச்ச விகிதத்தை மொத்தமா ஒரு சதவீதத்தால வகுக்கறது குறுக்குவழி, அது வேலைக்காகாது. கர்ப்பப்பை வாய்னா ஒரு கூடுதல் சிக்கல், கர்ப்பப்பையை எடுத்துட்டு வாயை மட்டும் விட்டுவைக்கிற ஆபரேஷனும் உண்டு, சர்வே அதைப் பிரிச்சுக் கேட்கறதில்ல, அதனால எண்ணைக் கொஞ்சம் ஏத்தி இறக்கி ஓட்டி முடிவு மாறுதான்னு பார்த்துடுங்க.

எதை அட்ஜஸ்ட் பண்றது

இங்கதான் பசங்க மாடல்ல கையில கிடைச்ச வேரியபிள் எல்லாத்தையும் கொட்டறாங்க. வயசு, ஸ்டேஜ், இன்சூரன்ஸ், வருமானம், ட்யூமர் வகை, ஆஸ்பத்திரி எல்லாம் போட்டா ஹசார்டு ரேஷியோ (ஒரு குழுவோட சாவு ஆபத்து இன்னொண்ணைப் போல எத்தனை மடங்குன்ற எண்) 1.4லேர்ந்து 1.1க்கு இறங்கும், "அட்ஜஸ்ட் பண்ணினதுக்கப்புறம் வித்தியாசம் இல்ல"ன்னு எழுதிடுவாங்க. ஐயா, வித்தியாசம் எங்கயும் போகல. அது எந்த வழியா வந்துதோ அந்த வழியை நீங்களே அடைச்சுட்டு தண்ணி வரலைன்றீங்க. லேட் ஸ்டேஜ்ல கண்டுபிடிக்கறதுதான் ஏற்றத்தாழ்வு வேலை செய்யற விதம், அதைக் கழிச்சா மிச்சம் என்ன இருக்கும்.

அதனால மாடலுக்கு முன்னாடி பேப்பர்ல படம் போடுங்க, அம்பு அம்பா, எது எதுக்குக் காரணம்னு. மொதல் டேபிள்ல வயசு, வருஷம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணின மொத்த இடைவெளி. அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்து எவ்வளவு குறையுதுன்னு காட்டுங்க, "இந்தப் பங்கு ஸ்டேஜ் வழியா, இந்தப் பங்கு இன்சூரன்ஸ் வழியா"ன்னு எழுதலாம், அதுவும் ஜாக்கிரதையா, மீடியேஷன் அனாலிசிஸுக்குன்னு தனி நிபந்தனைகள் இருக்கு, புள்ளியியல் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிட்டு எழுதுங்க.

சீர் டேட்டாவுல கீமோதெரபி, ரேடியேஷன் வேரியபிளைப் பார்த்தா ரொம்ப ஆசையா இருக்கும். கீமோவுக்கு அதுல இருக்கிற பதில் ரெண்டே வகை, "குடுத்தாங்க", "குடுக்கல அல்லது தெரியல". குடுக்காததும் தெரியாததும் ஒரே கட்டம்! பல ஆஸ்பத்திரி மாறிப்போற, வெளியில கீமோ எடுக்கிற பெண்கள் அந்தக் கட்டத்துல சேர்ந்துடுவாங்க. "கறுப்பினப் பெண்களுக்கு கீமோ கம்மியா குடுக்கறாங்க"ன்னு இதை மட்டும் வச்சு எழுத முடியாது. வைத்திய வித்தியாசம்தான் உங்க கேள்வின்னா மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பில்லோட கோர்த்த சீர்-மெடிகேர் டேட்டா இருக்கு, ஆனா காசு கட்டணும், பெரும்பாலும் 65 வயசுக்கு மேலதான், இளம் வயசுல மார்பகக் கேன்சர் வர்ற கறுப்பினப் பெண்கள் அதுல வர மாட்டாங்க.

பயாலஜி பேச்சு வரும்போது

கட்டாயம் வரும், தீசிஸ் டிஃபென்ஸ்ல முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். ட்ரிபிள் நெகட்டிவ்னு சொல்ற, ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்2ன்ற புரதத்தைக் குறிவைக்கிற மருந்துக்கும் கட்டுப்படாத மார்பகக் கேன்சர் வகை, கறுப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய 2 மடங்கு. கரோலினா ஆய்வுல 2006ல வந்த முடிவு, மாதவிடாய் நிக்காத ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களோட ட்யூமர்கள்ல 39 சதவீதம் பேசல்-லைக் வகை (ட்ரிபிள் நெகட்டிவோட பெரும்பாலும் ஒத்துப்போறது), மாதவிடாய் நின்ன ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள்ல 14, மத்த இனத்துப் பெண்கள்ல 16. இதை மறைக்கவும் வேண்டாம், இதையே முழு விடையாக்கவும் வேண்டாம். மருந்துக்கு நல்லா கட்டுப்படற ஹார்மோன் பாசிட்டிவ் வகையிலயும் கறுப்பினப் பெண்கள் அதிகமா சாகறாங்களே, அதுக்கு ட்ரிபிள் நெகட்டிவ் பதில் சொல்லாது.

மேற்கு ஆப்பிரிக்கா பூர்வீகத்தோட இந்த வகைக்குத் தொடர்பு இருக்கான்னு லிசா நியூமன், மெலிசா டேவிஸ் போன்றவங்க கானா, எத்தியோப்பியாப் பெண்களையும் சேர்த்து ஆராயறாங்க. கானாவுல ட்ரிபிள் நெகட்டிவ் அதிகம், எத்தியோப்பியாவுல அவ்வளவு இல்ல. ரெண்டு நாட்டுக்காரங்களும் அமெரிக்கா வந்தா ஃபாரத்துல ஒரே கட்டத்தைத்தான் டிக் பண்ணுவாங்க. ஜெனிட்டிக் பூர்வீகத்தை அளந்தீங்கன்னா அதை அளந்தேன்னு எழுதுங்க, ஃபாரத்துல டிக் அடிச்சதை வச்சுக்கிட்டு ஜீன் பத்திப் பேசாதீங்க.

வைத்திய முறையே ஒரு குழுவுக்குப் பொருந்தாம போறதும் உண்டு. மாதவிடாய் நின்னதுக்கப்புறம் ரத்தப்போக்கு வந்தா ட்ரான்ஸ்வஜைனல் ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தாத்தான் பயாப்ஸின்னு ஒரு வழக்கம். ஃபைப்ராய்டு இருந்தா அந்தச் சுவர் ஸ்கேன்ல ஒழுங்கா தெரியாது, கறுப்பினப் பெண்களுக்கு அதிகமா வர்ற தீவிர வகைகள் சுவர் தடிக்காமலும் வரும். யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல இருக்கிற டாக்டர் கெமி டால் குழு 2021ல இதை சிமுலேஷன்ல ஓட்டிப் பார்த்தாங்க, அந்த அளவுகோல் கறுப்பினப் பெண்களோட கேன்சர்ல பாதிக்கு மேல தவறவிட்டுடுச்சு. கர்ப்பப்பைக் கேன்சர்ல அஞ்சு வருஷ சர்வைவல் வெள்ளையினப் பெண்களுக்கு 84 சதவீதம் கிட்ட, கறுப்பினப் பெண்களுக்கு 63 கிட்ட. இப்போ சொல்லுங்க, இது பயாலஜியா, சிஸ்டமா? பயாலஜி வேற மாதிரி இருக்கு, அளவுகோலை யாரை வச்சு உண்டாக்கினாங்களோ அவங்களுக்குத்தான் அது பொருந்துது. ரெண்டும் பின்னிக்கிடக்குது.

ஊருக்குள்ள இறங்கிப் பாருங்க

தேசிய சராசரியோட நிக்காதீங்க. சிகாகோவைப் படிச்சே ஆகணும். அங்கயும் 1980 வாக்குல மார்பகக் கேன்சர் இறப்புல பெரிய வித்தியாசம் இல்ல, 2003 கணக்குல கறுப்பினப் பெண்களுக்கு 68 சதவீதம் அதிகம். சைனாய் அர்பன் ஹெல்த் இன்ஸ்டிடியூட் காரங்க எண்ணை வெளியில போட்டாங்க, 2007ல ஊரே கூடி அறிக்கை எழுதுச்சு, அதுலேர்ந்து ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் வந்து இப்போ ஈக்வல் ஹோப்ன்ற பேர்ல நடக்குது. அவங்க "பெண்கள் ஏன் ஸ்க்ரீனிங்குக்கு வரல"ன்ற பழைய கேள்வியோட நிறுத்தாம, வந்தவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு பார்த்தாங்க. மேமோகிராம் எடுக்கிற இடத்தோட தரம், ஃபிலிமைப் படிக்கறவர் மார்பக ஸ்பெஷலிஸ்டா பொதுவா எல்லாத்தையும் படிக்கறவரா, சந்தேகம்னா மறுபடி கூப்பிட எத்தனை நாள் ஆகுது, எந்த ஏரியாவுல நல்ல சென்டரே இல்ல, இதெல்லாம். அங்கதான் ஓட்டை இருந்துச்சு. அதைச் சரிபண்ணப் பண்ண சிகாகோவுல கறுப்பினப் பெண்களோட இறப்பு விகிதமும் இறங்குச்சு.

உங்க ஊர்லயும் இதைச் சின்ன அளவுல செய்யலாம். அங்கீகாரம் பெற்ற மேமோகிராம் சென்டர் பட்டியல் எஃப்டிஏ தளத்துல பொதுவா இருக்கு, அதை மேப்ல போடுங்க. 1930கள்ல எந்தெந்தத் தெருவுக்கு வீட்டுக்கடன் குடுக்கறது ஆபத்துன்னு சிவப்பு அடிச்ச மேப்கள் டிஜிட்டலா கிடைக்குது, இன்னிக்கு வீட்டுக்கடன் விண்ணப்பங்களோட டேட்டாவும் வருஷா வருஷம் வெளியாகுது. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தீங்கன்னா உங்க அம்புப் படத்துல புது அம்பு வரும்.

ஆளுங்ககிட்ட பேசுங்க, அதுவும் கேள்வி முடிவாகறதுக்கு முன்னாடி. நோயிலேர்ந்து மீண்ட பெண்கள் நடத்தற சப்போர்ட் குரூப் பெரும்பாலான ஊர்ல இருக்கு. பேட்டி எடுக்கறதுன்னா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதல்ல, பொது டேட்டா மட்டும்னா பெரும்பாலும் விலக்கு குடுத்துடுவாங்க, ஆனா அதையும் நீங்களே முடிவு பண்ணாம மெயில் போட்டுக் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. "நம்பிக்கை இல்லாததால அவங்க வர்றதில்ல"ன்னு அறிமுகத்துல எழுதறது ஃபேஷனாயிடுச்சு. ஹென்ரியட்டா லாக்ஸ் 1951ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கர்ப்பப்பை வாய் கேன்சருக்குப் படுத்திருந்தப்போ கேட்காமலே எடுத்த செல் உலகம் பூரா லேப்ல வளர்ந்து காசாச்சு, குடும்பம் ஒரு கம்பெனியோட சமரசத்துக்கு வந்தது 2023ல. நம்பிக்கை பத்தி எழுதறதுன்னா யார் நம்பிக்கையை யார் உடைச்சாங்கன்னு சேர்த்து எழுதுங்க.

எழுதும்போது

ரேஷியோ மட்டும் போடாதீங்க, லட்சத்துக்கு எத்தனைன்ற நேர் வித்தியாசத்தையும் போடுங்க. அபூர்வ கேன்சர்ல 2 மடங்குன்றது கையளவு பெண்கள், மார்பகக் கேன்சர்ல 1.4 மடங்குன்றது ஆயிரக்கணக்குல. கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (எண் எந்த எல்லைக்குள்ள இருக்கலாம்ன்ற வரம்பு) இல்லாத எண் வேண்டாம். ட்ரெண்ட் கோடு எந்த வருஷம் திரும்புதுன்னு பார்க்க என்சிஐ-யோட ஜாயின்பாயின்ட் சாஃப்ட்வேர் ஃப்ரீ, 2020ஐ மட்டும் தனியா கவனிங்க, கோவிட்ல ஸ்க்ரீனிங் நின்னுபோய் கேஸ் எண்ணிக்கை விழுந்த வருஷம், அந்தப் பள்ளத்தை முன்னேற்றம்னு எழுதிடாதீங்க.

மெத்தட்ஸ் பகுதியில இனம் எப்படிப் பதிவாச்சு, ஏன் அந்தப் பிரிவுகள், ஏன் இந்த ஆய்வுல இனத்தைச் சேர்த்தீங்க, இந்த மூணையும் எழுதச் சொல்லி ஜாமான்ற மருத்துவ ஜர்னல் 2021ல வழிமுறை வெளியிட்டிருக்கு, வேற ஜர்னலுக்கு அனுப்பினாலும் அதையே பின்பற்றுங்க. "மத்தவை"ன்னு ஒரு வரிசையில எல்லாரையும் தள்ளாதீங்க, எண்ணிக்கை கம்மின்னா கம்மின்னு சொல்லி, யார் யார் அதுல இருக்காங்கன்னு அடிக்குறிப்புல போடுங்க. எந்த டேட்டா ரிலீஸ், எந்த மாசம் இறக்கினது, சீர்ஸ்டாட்டோட எந்த வெர்ஷன்றதை அன்னிக்கே குறிச்சு வைங்க, சீர் வருஷா வருஷம் புது ரிலீஸ் விடும்போது பழைய வருஷ எண்களும் கொஞ்சம் மாறும், ரிவ்யூவர் உங்க டேபிளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தா ரெண்டும் ஒத்துப்போகாது, அப்போ காரணம் சொல்ல கையில ஆதாரம் வேணும். சீர்ஸ்டாட்ல ஒவ்வொரு செஷனையும் ஃபைலா சேவ் பண்ண வசதி இருக்கு, பேர் வைக்கும்போது ஃபைனல், ஃபைனல் நியூன்னு வைக்காம தேதி போட்டு வைங்க.